முகம் தெரியாத காசு

நான் காசை வாங்கி டிராயரில் போட்டு, டிராயர் மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அந்த அக்கா கடைப் படியை விட்டு இறங்குவார். "இருக்கட்டும்க்கா, ரெண்டு பக்கம்தான" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "நாளைக்குச் சேத்துக் குடுங்க" என்றும் சொல்லியிருக்கிறேன். அசைய மாட்டார். பின்னால் ஜெராக்ஸ் எடுக்க நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் கையை நீட்டியபடியே நிற்பார். எனக்குச் சில நாள் எரிச்சலாகவே வரும். நாலு ரூபாயை வாங்கவைக்க ஒரு மனுஷி இந்தப் பாடா படுத்துவார்?

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. அப்போது அது பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பலகைத் தடுப்பு. இப்போது ஒரே ஒரு கம்ப்யூட்டர் மிச்சம். பட்டாவுக்கு விண்ணப்பம் போடுவது, ஜெராக்ஸ், விசேஷப் பத்திரிகை என்று பிழைப்பு ஓடுகிறது. அக்கா முதலில் வந்தது வேலைக்கு விண்ணப்பம் அடிக்க. கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. கோயம்புத்தூரில் புருஷன் வீட்டை விட்டுப் பிறந்த ஊருக்கே வந்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். குடித்தானாம், அடித்தானாம் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அவர் பின்னாளில் என்னிடம் சொன்ன காரணம் வேறு. அந்த வீட்டில் யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை. தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் அது யார் சம்பாத்தியத்தில் வந்த சோறு என்று சொல்லிக்காட்டியிருக்கிறார்கள்.

"சோத்துக்குச் சொல்லிக்காட்டுனாக்கூடப் பொறுத்துக்கலாம் தம்பி. அங்கன உப்புக்கும் சொல்லிக்காட்டுனாக" என்றார்.

போடியில் அவருடைய அண்ணன் ஏலக்காய் வியாபாரம் செய்தார். நல்ல வசதி. தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டார். அக்கா போகவில்லை. கம்பத்திலேயே மாடியில் ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். இன்னொருத்தர் வீட்டுச் சோற்றைத் தின்ன மாட்டேன் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். அந்த ஒற்றை அறையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் அத்தனை பாடும் பட்டார்.

இணையதளம் என்ற ஒன்று அவருக்கு வாய்த்தது ஒரு கார்த்திகை மாதத்தில். சபரிமலைக்குப் போகிற வண்டிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் மலை ஏற வேண்டும். கூட்டம் அதிகமானால் குமுளி ரோட்டில் விடாமல் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். எந்த நாளில் எந்த வழி என்பது போலீஸ்காரருக்கும் தடுப்புக் கம்பிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அன்றைக்கு ஒரு வேன் என் கடை முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டி எந்த வழி என்று கேட்டார். நான் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் "குமுளிதான், நேராப் போங்க" என்றேன்.

கம்ப்யூட்டர்ப் பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அக்கா எழுந்து வந்தார். "நீங்க பாத்தீகளா தம்பி?"

"பாக்கணுமாக்கும். எப்பவும் அதான்க்கா."

"நான் பாத்துட்டு வந்தேன். பைபாஸ்ல கம்பி போட்டு மெட்டுப் பக்கம் திருப்பிவிடுறாக." டிரைவரிடம் போய் எங்கே திரும்ப வேண்டும், ஏற்றத்தில் எங்கே நிற்கக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தார். வேன் போன பிறகு என்னிடம் கேட்டார், "இதையெல்லாம் எழுதிப் போட்டா படிப்பாகளா?"

படித்தார்கள். நான்தான் அந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்தேன். அதற்கும் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்து, டிராயர் மூடுகிறவரை நின்றார். மலைக்கு எந்த வழி, சுருளி அருவியில் குளிக்க விடுகிறார்களா, தேவாரத்துக்குக் கடைசி பஸ் எப்போது, திராட்சை இன்றைக்கு என்ன விலை போகிறது, ஆரம்பத்தில் இவ்வளவுதான் அதில் இருந்தவை. பக்கத்தின் ஓரத்தில் ஒரு கம்பெனியின் விளம்பரங்கள் தானாக வரும். படிக்க வந்தவர் யாராவது பிடித்துப்போய் ஒரு விளம்பரத்தைத் தட்டினால், தட்டுக்கு இவ்வளவு என்று அந்தக் கம்பெனி அக்காவின் கணக்கில் காசு போடும். சபரிமலை சீசனில் வருவதை வைத்து மற்ற மாதங்களையும் இழுத்துப் பிடித்து ஓட்டிவிடலாம்.

முதல் தடவை வங்கியில் பணம் விழுந்த அன்று ஒரு கிலோ பன்னீர் திராட்சையோடு வந்தார். கொடுப்பதற்கு அவர் கை நீளும். வாங்குவதற்குத்தான் நீளாது. அதில் கொஞ்சம் திமிர் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இந்தக் காசைக் குடுத்தவன் எவன்னு எனக்குத் தெரியாது. அவனுக்கும் என்னையத் தெரியாது" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாளைக்கு வீதியில பாத்து, என்னால தின்னவதானன்னு ஒரு பய கேக்க முடியாது. முகம் தெரியாத காசு தம்பி. இப்பிடி ஒரு காசு உலகத்துல இருக்குன்னு எனக்குச் சொல்லவே ஆளில்லாமப் போச்சே!"

அந்தக் காசுக்கு அவர் உழைத்த உழைப்பை நான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்காத எதையும் எழுத மாட்டார். சுருளியில் தண்ணீர் அதிகம் என்று யாராவது போனில் சொன்னால் போதாது. பஸ் ஏறிப் போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாறை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்து எழுதுவார். சீசன் நாட்களில் விடிவதற்கு முன்பே குடையோடு பைபாஸில் நிற்பார். பணியில் இருக்கும் போலீஸ்காரர்கள் அவரை ஏதோ பத்திரிகை நிருபர் என்று நினைத்திருந்தார்கள். மெட்டு ரோட்டைப் பற்றி அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். 'மூன்றாவது வளைவில் பலாமரத்தடியில் நிழலாக இருக்கிறதே என்று வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் ஏறி வரும் லாரிக்கு நீங்கள் நிற்பது தெரியாது. அடுத்த வளைவில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அங்கே முகம் கழுவிவிடலாம்.' இதை எழுத அவர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏறி, நடந்தே இறங்கி வந்தார்.

ஒரு தடவை பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒருவர் அக்காவைத் தேடிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். ஒரு மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று இரண்டு திராட்சைத் தோட்டங்களை நேரில் பார்த்து அக்கா எழுதியிருந்தார். வந்தவர் சண்டை போடவில்லை. ஒரு கவரை மேசை மேல் வைத்து, "நம்ம மருந்தைப் பத்தி நாலு வரி நல்லவிதமா எழுதுங்கம்மா" என்றார். அக்கா கவரை விரல் நுனியால் அவர் பக்கமே தள்ளினார்.

"உங்க முகம் எனக்குத் தெரியுமேண்ணே. தெரியாம இருந்திருந்தா வாங்கியிருப்பேன்."

அண்ணன் ஒரு பொங்கலுக்கு ஆட்டோவில் அரிசி மூட்டை அனுப்பினார். மூட்டை இறங்கவே இல்லை. போக வர இரண்டு வாடகையும் கொடுத்து அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினார் அக்கா. அண்ணன் என் கடைக்கு வந்து புலம்பினார். "ஊரு என்னைய என்ன நினைக்கும்? கூடப் பிறந்தவளைப் பட்டினி போட்டுட்டான்னு சொல்லாது?" அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் அரிசியை விட ஊர்தான் பெரிதாக இருந்தது.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். கடையில் கூட்டமில்லை. அக்காவின் பக்கத்தைத் திறந்துவைத்து, சும்மா இருக்கிற நேரத்தில் அவருக்கு நாலு காசு சேரட்டுமே என்று ஒவ்வொரு விளம்பரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர் பார்த்துவிட்டார். கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தார்.

"இன்னொரு தடவை தொட்டீகன்னா இந்தப் படி ஏற மாட்டேன்."

"உங்களுக்கு நல்லதுக்குத்தானக்கா..."

"அது தப்பு தம்பி. தெரிஞ்சவுக தட்டக் கூடாது."

இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதுதான் இந்தக் கதையின் வயிற்றெரிச்சல். பொழுது விடிந்தால் டிராயர் மூடும்வரை நிற்கிற ஆள். அரிசி மூட்டையைத் திருப்பி அனுப்புகிற ஆள். ஆகவே இதுவும் அந்த ரோஷம்தான் என்று நினைத்துவிட்டேன். அது விளம்பரக் கம்பெனி போட்ட சட்டம், தெரிந்தவர்களை விட்டுத் தட்டச் சொன்னால் கணக்கையே மூடிவிடுவார்கள் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன் நான். கேட்டிருக்க வேண்டும்.

ஏழெட்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு வருமானம் குறைய ஆரம்பித்தது. முதலில் தட்டுக்கு வருகிற காசு குறைந்தது. அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள். அக்கா தன் எழுத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். ஒரு தடவை போய்ப் பார்த்த இடத்துக்கு இரண்டு தடவை போனார். வருசநாட்டுப் பக்கம் வரைக்கும் போய் மலை ரோடுகளைப் பார்த்து எழுதினார். எழுத எழுதக் குறைந்தது. ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து, வெளியூர்க்காரர் தேடுவது போலத் தானே தேடிப் பார்த்தார். கம்பம்மெட்டு ரோடு எப்படி என்று அடித்ததும், திரையின் உச்சியில் ஒரு பெட்டிக்குள் தேடுபொறியே தொகுத்த பதில் வந்து நின்றது. மூன்றாவது வளைவு, பலாமரம், லாரி, தண்ணீர்க் குழாய், எல்லாம் இருந்தன.

"தம்பி, இது என் வாக்கியம்."

"ஆமாக்கா. கீழ பொடி எழுத்துல உங்க தளத்துப் பேரும் இருக்கு பாருங்க."

"அதை யார் பாக்கப்போறாக? வேணுங்கிறது மேலயே கிடைச்சிருச்சே. இனி எதுக்கு எம் பக்கத்துக்கு வரணும்? வராட்டி யார் விளம்பரத்தைத் தட்டுவா?" கேள்வியாகத்தான் கேட்டார். பாறை வரைக்கும் நடந்தது இவர், பதில் சொல்கிற பெருமை வேறு யாருக்கோ. திருட்டு என்று சொல்லலாம் என்றால் திருடனுக்கும் ஒரு முகம் வேண்டும்.

வீடியோ போடச் சொன்னேன். "முகத்தைக் காட்டிப் பேசுங்கக்கா. இப்ப எல்லாரும் முகத்தைத்தான் பாக்குறாக."

"முகத்தைக் காட்டித்தான் வாங்கணும்னா எங்கண்ணன் வீட்டுக்கே போயிருப்பேனே தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீராப்புப் பேசுகிற நேரமா இது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அந்த மாத வாடகையை அவர் இரண்டு தவணையாகக் கொடுத்ததை வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "கார்த்திகை பிறக்கட்டும். சீசன்ல எப்பிடியும் எந்திரிச்சிருவேன்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு சீசனைத்தான் நம்பியிருந்தார்.

அந்தக் கார்த்திகைக்கு முந்தின மாதம், ஐப்பசியில், அக்காவின் பெண் வயதுக்கு வந்ததற்குச் சடங்கு வைத்தார்கள். அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். தாய்மாமன் சீர் செய்யாமல் விட்டால் போடியில் தலைகாட்ட முடியாது என்றார். அக்கா இரண்டு நிபந்தனை போட்டார். மண்டப வாடகையைத் தான்தான் கொடுப்பேன் என்பது ஒன்று. மொய் வாங்க மாட்டேன் என்பது இன்னொன்று. பத்திரிகையை நான்தான் அடித்தேன். கடைசி வரியில் 'மொய் தவிர்க்கவும்' என்று போடச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. விசேஷத்துக்குப் போனால் மொய் எழுதிச் செய்முறை செய்துவிட்டுத்தான் இலையில் உட்கார வேண்டும். வாங்கியவர் திருப்பிச் செய்வார், செய்தவர் திருப்பி வாங்குவார். அக்கா எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போய் ஒழுங்காகச் செய்திருந்தார். அதைத் திருப்பிச் செய்ய வந்தவர்கள் மண்டபத்து வாசலில் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, மொய் எழுத ஆளில்லாத வெறும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, எங்கிட்டுடா எழுதணும்?"

"மொய் கிடையாது பெரியப்பா. பத்திரிகையிலயே போட்டிருந்துச்சுல்ல."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குப் போடுறதுடா. எம் மகன் கல்யாணத்துக்கு அந்தப் புள்ள செஞ்சிருக்கு. கையை நனைச்சுட்டுச் சும்மா போனா நான் மனுசனா?"

எனக்கு அந்த நேரத்தில் பெரிய மூளைக்காரன் என்ற நினைப்பு. காசாகக் கொடுத்தால்தானே அக்கா வாங்க மாட்டார்? தெரியாமல் கொடுத்தால்? முகம் தெரியாத காசு என்றுதானே அவருக்கு ஆசை? கடைக்கு ஓடினேன். அக்காவின் தளத்துக்குப் போகிற கியூஆர் கோடு ஒன்றைப் பெரிதாக மஞ்சள் தாளில் அடித்துக்கொண்டு வந்து, அந்த வெறும் மேசையில் ஒட்டினேன்.

"இதைப் போன்ல ஸ்கேன் பண்ணுங்க. அக்காவோட பக்கம் வரும். அதுல விளம்பரம் வந்தா ஒரு தட்டு தட்டுங்க. அம்புட்டுத்தான் மொய்."

மண்டபமே கலகலத்துவிட்டது. வரிசை கட்டி நின்று ஸ்கேன் செய்தார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். "எங்க வீட்ல அஞ்சு உருப்படி, அஞ்சு தட்டிட்டேன்" என்றார் ஒரு மதினி. "அம்புட்டுத்தானா? நான் இருபது தட்டிருக்கேன்" என்று இன்னொருவர் பெருமைப்பட்டார். உத்தமபாளையத்துப் பெரியவருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஏலே, இதுல என் பேரு விழுமா?"

"விழாது பெரியப்பா."

"பேரு விழலன்னா நான் செஞ்சது அந்தப் புள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதான் பெரியப்பா இம்புட்டும்" என்றேன். அவர் திருப்தியில்லாமல் தட்டினார். மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த அக்கா, கீழே எல்லாரும் ஏன் போனும் கையுமாகச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவரும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஒரே மண்டபம், ஒரே ஒரு மணி நேரம், அத்தனை போனிலிருந்தும் தட்டு. கம்பெனிக்காரனுக்கு இது பாசம் என்று எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் காலையில் அக்கா கடைக்கு வந்தார். போனில் வந்திருந்த கடிதத்தைக் காட்டினார். தளத்தில் செல்லாத தட்டல்கள் நடந்திருப்பதால் கணக்கை மூடிவிட்டோம், சேர்ந்திருக்கும் தொகை விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திருப்பப்படும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட ஆளில்லை, கூப்பிட்டுப் பேச எண்ணில்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் மட்டும் இருந்தது.

"யாரோ வேணும்னே செஞ்சிருக்காக தம்பி. எனக்கு ஆகாதவுக யாரு இருக்கா?" என்று கேட்டார். பூச்சிமருந்துக்காரரைச் சந்தேகப்பட்டார். நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். படிவத்தை நிரப்ப உதவுகிறேன் என்றேன். என்ன நடந்தது என்று விளக்கவும் என்ற கட்டத்தில் 'எனக்கு எதுவும் தெரியாது' என்று அவர் சொல்ல, நானே அடித்தேன். என் விரலால் அடித்தேன். நாலு நாளில் பதில் வந்தது. முடிவை மாற்ற இயலாது என்று இரண்டே வரி. வேறு விளம்பரக் கம்பெனிகளையும் பார்த்தோம். அவர்கள் கொடுத்தது டீச் செலவுக்குக் காணாது.

கார்த்திகை பிறந்தது. மாலை போட்ட சாமிகளின் வண்டிகள் வரிசை வரிசையாகப் போயின. அக்கா அந்த வருஷமும் விடியற்காலையில் குடையோடு பைபாஸில் நின்றார். பார்த்தார், வந்து எழுதினார். காசு வராது என்று தெரிந்தும் எழுதினார். ஏன்க்கா என்று கேட்டதற்கு, "நேத்துப் போட்டது இன்னைக்கு மாறிப்போச்சு. அது அங்கன கிடந்தா ஜனம் சுத்திட்டுத் திரியும்ல" என்றார். தை பிறந்ததும் தளத்துக்குக் கட்ட வேண்டிய வருஷச் சந்தாவுக்கு வழியில்லை. தளமும் போனது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

கடைசியாக அவர் கடைக்கு வந்தது பெண்ணின் மாற்றுச் சான்றிதழை நகல் எடுக்க. போடியில் பள்ளிக்கூடம் பார்த்திருந்தார் அண்ணன். மூன்று நகல். நான் எடுத்துக் கொடுத்ததும் பையிலிருந்து மடித்த மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் அந்த மஞ்சள் தாள் என் கடையில் மட்டும்தான் உண்டு.

"மண்டபம் கூட்டுற அம்மா எடுத்து வச்சிருந்தாக. சடங்கன்னைக்கே குடுத்துட்டாக."

அன்றைக்கே. அப்படியானால் ஆகாதவர்கள் யார் என்று என்னிடம் கேட்டபோதே, படிவம் நிரப்ப உட்கார்ந்தபோதே அவருக்குத் தெரியும். நானாகச் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். நான் பொய்யை அடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"யக்கா... நான்..."

"வேணாம் தம்பி. யாருன்னு தெரியாம இருந்திருந்தா நல்லா ஆசை தீரத் திட்டியிருப்பேன். முகம் தெரிஞ்சுபோச்சு. இருநூறு முகம். எல்லாரும் பாசத்துல செஞ்சாக. யாரைத் திட்டுறது?"

சான்றிதழையும் நகல்களையும் பைக்குள் வைத்தார். நான் காசுக்காக டிராயரை இழுத்தேன், பழக்கம். அவர் டிராயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கொடுக்காமல் படி இறங்கிப் போய்விட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. திறந்த டிராயரை மூட எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு தடவை போடிக்குப் போனபோது அண்ணன் கடையில் அவரைப் பார்த்தேன். ஏலக்காய் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னை அடையாளம் கண்டு டீ சொன்னார். கடையில் நாலைந்து வியாபாரிகள் இருந்தார்கள். அண்ணன் அவர்களிடம் என்னைக் காட்டி, தங்கச்சியையும் காட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார். "ஊருக்கெல்லாம் வழி சொல்லிட்டு இருந்தாக நம்ம அம்மணி. கடைசியில சோத்துக்கு நம்ம வீட்டுக்குத்தான் வழி தெரிஞ்சிச்சு."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. வியாபாரிகளும் விளையாட்டாகத்தான் சிரித்தார்கள். அக்கா தலை நிமிராமல் சணலை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் கோபமாக இறங்கினார். உள்ளே சாமிகள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னக் கன்னிச்சாமி வாந்தி எடுத்த முகத்தோடு ஜன்னலில் சாய்ந்திருந்தது.

"என்னங்க உங்க ஊரு! மெட்டு ரோட்டுல போகச் சொல்லிப் போன் சொல்லுது. பாதி மலை ஏறின பிறகு ரோடு வேலைன்னு திருப்பி விடுறாங்க. ரெண்டு மணி நேரம் போச்சு. இதைப் பாருங்க." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உச்சியில் பெட்டி. மூன்றாவது வளைவில் பலாமரத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டாம், பின்னால் வரும் லாரிக்குத் தெரியாது, அடுத்த வளைவில் தண்ணீர்க் குழாய் உள்ளது, பிள்ளைகளுக்கு முகம் கழுவலாம். கீழே பொடி எழுத்தில்கூட இப்போது எந்தப் பெயரும் இல்லை.

"குழாயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உங்க ஊர்க்காரன் எவனோ வீட்ல உக்காந்துக்கிட்டே எழுதி விட்டிருக்கான்" என்றார் டிரைவர்.

வீட்டில் உட்கார்ந்துகொண்டே. அதை எழுதியவர் ஜீப்பில் ஏறி நடந்து இறங்கி வந்தவர் என்று சொல்லியிருக்க வேண்டும். இது மாறிப்போன உடனே மாற்றி எழுதியிருப்பார், அவரை எழுதவிடாமல் செய்தது நாங்கள்தான் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாங்க, எவனோ" என்றேன்.

"சரி, குமுளிப் பக்கம் இப்ப விடுறாங்களா?"

பைபாஸ் என் கடையிலிருந்து வண்டியில் ஐந்து நிமிஷம். வண்டி வாசலில்தான் நின்றது, சாவி டிராயரில் இருந்தது. சாமிகள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுவாக, நேராப் போங்க" என்றேன். நான் போய்ப் பார்க்கவில்லை.